விருப்ப ஓய்வு யாருடைய விருப்பம்?

மேல் கோதையாற்றுக்குச் சாலை வழியே போக வேண்டுமானால் நம் குமரி மாவட்டத்திலிருந்து நேரே ஏற வழியில்லை. அம்பாசமுத்திரம் போய், மணிமுத்தாறு கடந்து, மாஞ்சோலை, நாலுமுக்கு, குதிரைவெட்டி என்று சுற்றித்தான் போக வேண்டும். அந்த வழியில் உள்ள தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்து வந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் வேலை 2024 ஜூன் மாதத்தோடு முடிந்தது. அது முடிந்த விதத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது. அவர்களை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. ஏட்டின்படி அவர்கள் தாங்களாகவே விருப்ப ஓய்வில் போனவர்கள்.

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கர் காட்டை 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். குத்தகைக் காலம் 2028-இல் முடிகிறது. இடையில் அந்தக் காடு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. குத்தகை முடிவதற்கு முன்பே நிறுவனம் வெளியேறத் தீர்மானித்து, தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது. தொகையில் ஒரு பகுதி முதலில், மீதி குடியிருப்பைக் காலி செய்த பிறகு என்பது ஏற்பாடு. கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்று தொழிலாளர்கள் தரப்பில் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் முறையிடப்பட்டது. அவரவர் விருப்பப்படியே கையெழுத்திட்டார்கள் என்றது நிறுவனம். மறுவாழ்வுக்கு வழி செய்யாமல் வெளியேற்றக் கூடாது என்று 2024 ஜூனில் இடைக்கால உத்தரவு வந்தது. அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ அந்தத் தோட்டங்களை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அதே ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் ஏற்கவில்லை.

இந்தத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் பட்டியல் சாதி மக்கள். கூலி உயர்வும், சிறையில் இருந்த தோழர்களின் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது, காவல்துறையின் தடியடியில் தாமிரபரணி ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேரைப் பலி கொடுத்தவர்களும் இவர்கள்தாம். பெண்களும் ஒரு பச்சைக் குழந்தையும் அந்தப் பதினேழு பேரில் உண்டு. ஆண்டுதோறும் ஜூலை 23 அன்று ஆற்றங்கரையில் மலர் தூவுகிறோம். அன்று கூலிக்காகப் போராடியவர்களின் பிள்ளைகள் கால் நூற்றாண்டு கழித்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு மலை இறங்கினார்கள். அந்தத் தாள் என்ன செய்தது என்பதை நம் மாவட்டத்துத் தொழிலாளர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே நிகழ்ச்சிக்கு நான்கு பெயர்

ஒருவருக்கு நேற்று வரை வேலை இருந்தது, இன்று இல்லை. இந்த ஒரே நிகழ்ச்சிக்குச் சட்டத்தில் நான்கு பெயர்கள் இருக்கின்றன. ராஜினாமா, விருப்ப ஓய்வு, ஒப்பந்தக் காலம் முடிவு, ஆட்குறைப்பு. நான்கிலும் வீட்டில் அடுப்பு எரியாதது ஒன்றுபோலத்தான். ஆனால் கைக்கு வரும் பணம் ஒன்றல்ல.

1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் ஆட்குறைப்பு என்றால் என்ன என்று விளக்குகிறது. ஒழுங்கு நடவடிக்கையாகத் தண்டித்து நீக்குவது தவிர, வேறு எந்தக் காரணத்துக்காக முதலாளி ஒருவரை வேலையை விட்டு நிறுத்தினாலும் அது ஆட்குறைப்பு. அப்படி நிறுத்த வேண்டுமானால் காரணத்தை எழுதி ஒரு மாதம் முன்னறிவிப்பு தர வேண்டும். இல்லையேல் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் அதையும் ஓர் ஆண்டாகச் சேர்க்க வேண்டும். இந்தப் பணத்தைக் கையில் கொடுத்த பிறகுதான் நிறுத்த முடியும். கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் நிறுத்த வேண்டும். மறுபடி ஆள் எடுத்தால் நிறுத்தப்பட்டவருக்கே முதல் அழைப்பு.

அதே விளக்கத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது. தொழிலாளி தானாகவே விருப்ப ஓய்வில் போனால் அது ஆட்குறைப்பு ஆகாது. அந்தக் கணமே மேலே சொன்ன பாதுகாப்புகள் எல்லாம் விலகிவிடுகின்றன. விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், பழைய பாக்கி இது, பழைய உரிமை அது என்று பின்னால் வந்து கேட்க முடியாது என்று 2003-இல் ஏ.கே. பிந்தல் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. நூறு பேருக்கு மேல் வேலை பார்த்த தொழிற்சாலையையோ தோட்டத்தையோ மூட வேண்டுமானால் 90 நாள் முன்னதாக அரசிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. அரசு தொழிலாளர் தரப்பையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். எல்லோரும் தாமாகவே ஓய்வில் போய்விட்டால் அந்த அனுமதிக் கேள்விக்கே வேலையில்லாமல் போகிறது. ஒவ்வொரு தொழிலாளியும் தனித்தனியாகப் போட்ட கையெழுத்துகள் சேர்ந்து ஒரு தோட்டத்தையே மூடிவிடுகின்றன.

விருப்ப ஓய்வு என்றாலே ஏமாற்று என்று நாம் சொல்லவில்லை. சில இடங்களில் சட்டம் தரும் தொகையைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். அப்போது வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். ஆனால் கூடுதலா குறைவா என்று பார்க்க முதலில் நமக்குச் சட்டம் தருவது எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று பணம், ஒரே காசோலை

வேலையை விட்டு வெளியே வரும் தொழிலாளியிடம் நிர்வாகம் ஒரு தொகையைச் சொல்கிறது. ‘மூன்று லட்சம் தருகிறோம்’ என்கிறது. வாழ்நாளில் மூன்று லட்சத்தை ஒன்றாகப் பார்க்காத குடும்பத்துக்கு அது மலை போலத் தெரியும். அந்த மலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.எஃப். இது நம் சம்பளத்தில் பிடித்த பணமும் அதற்குச் சமமாக முதலாளி கட்ட வேண்டிய பணமும். இது யாரும் தரும் சலுகை அல்ல. இரண்டாவது பணிக்கொடை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவர், ராஜினாமா செய்தாலும் ஓய்வு பெற்றாலும் நீக்கப்பட்டாலும் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் பணிக்கொடையாகப் பெற வேண்டும். 1972 முதல் உள்ள உரிமை இது. மூன்றாவதுதான் ஆட்குறைப்பு இழப்பீடு. முதல் இரண்டும் எப்படியும் நமக்கு வர வேண்டியவை. வேலையைப் பறித்ததற்கான விலை மூன்றாவது மட்டும்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாள் சம்பளம் 400 ரூபாய் வாங்கும் ஒரு பெண் 18 ஆண்டு 7 மாதம் வேலை செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு அது 19 ஆண்டு. ஆண்டுக்கு 15 நாள் வீதம் 6,000 ரூபாய். 19 ஆண்டுக்கு 1,14,000 ரூபாய் ஆட்குறைப்பு இழப்பீடு. பணிக்கொடை தனியாக இன்னொரு 1,14,000 ரூபாய். முன்னறிவிப்பு தராவிட்டால் ஒரு மாதச் சம்பளம் வேறு. ஆக, 2,28,000 ரூபாய்க்கு மேல். இதில் பி.எஃப். சேரவில்லை. இவரிடம் ‘எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம், விருப்ப ஓய்வு எழுதிக் கொடு’ என்று சொன்னால் அது தாராளமா, தட்டிப் பறிப்பா என்பதை வீட்டில் உள்ள பள்ளிப் பிள்ளையே சொல்லிவிடும்.

முதலாளிகள் சொல்லும் இன்னொரு காரணத்தையும் பார்க்க வேண்டும். ‘நஷ்டத்தில் மூடுகிறோம், இழப்பீடு தர வழியில்லை’ என்பார்கள். தம் கட்டுப்பாட்டுக்கு மீறிய, தவிர்க்க முடியாத சூழ்நிலையால் மூடினால் இழப்பீட்டை மூன்று மாதச் சம்பளத்துக்குள் நிறுத்திக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இடமுண்டு. ஆனால் எதையெல்லாம் மட்டும் காட்டி அப்படிச் சொல்ல முடியாது என்றும் அதே பிரிவில் எழுதியிருக்கிறது. பணக் கஷ்டம், நஷ்டம், விற்காமல் தேங்கிய சரக்கு, குத்தகை முடிவது. நம் ஊரில் வழக்கமாகக் கேட்கும் காரணங்கள் எல்லாம் இந்தப் பட்டியலில் அடங்கிவிடுகின்றன.

அண்டி ஆபீசும் 240 நாளும்

மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சம் பதிவேட்டில் பெயர் இருந்தது. நம் கல்குளம், விளவங்கோடு வட்டாரத்து அண்டி ஆபீஸ்களில் முந்திரிக்கொட்டை உடைத்து, தோலுரித்து, தரம் பிரித்துக் கை கருத்துப்போன பெண்களின் நிலைமை இன்னும் கீழே. கிலோ கணக்கில் கூலி. வெளிநாட்டுக் கொட்டை வந்தால் வேலை, வராவிட்டால் கதவு சாத்தியிருக்கும். ஒருநாள் அந்தக் கதவு திறக்காமலே போய்விடும். ‘ஆபீஸ் பூட்டியாச்சு’ என்பதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு.

‘நமக்கு மாதச் சம்பளம் இல்லையே, நமக்கெல்லாம் இழப்பீடு உண்டா?’ என்று கேட்கிறார்கள். உண்டு. கிலோ கணக்கில் கூலி வாங்கினாலும் நாள் கூலி வாங்கினாலும் தொழிலாளி தொழிலாளிதான். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு ஐம்பது பேர், நூறு பேர் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது. அந்த எண்ணிக்கைகள் தற்காலிக வேலை நிறுத்தத்துக்கும் அரசு அனுமதிக்கும் உரியவை. கேட்கும் தகுதி ஒன்றுதான்: கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை. இந்த 240-இல் சம்பளத்தோடு கூடிய விடுப்பும் மகப்பேறு விடுப்பும் சேரும். வார விடுமுறையும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் சேரும் என்று 1985-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே வாரத்துக்கு ஆறு நாள் போனவர் ஏழு நாளாகக் கணக்கெடுக்கலாம். ஆனால் பருவத்துக்கு மட்டும் நடக்கும் தொழிலில், பருவம் முடிந்ததும் வேலை நிற்பது ஆட்குறைப்பு ஆகாது என்று 1995-இல் ஒரு சர்க்கரை ஆலை வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ‘உங்கள் வேலை பருவ வேலை’ என்று எழுதிய தாளை யாராவது நீட்டினால், அது வெறும் தாள் அல்ல என்று புரிந்துகொள்ள வேண்டும்.

தாளின் வலிமைக்கு இன்னொரு வழக்கும் சாட்சி. பாரத ஸ்டேட் வங்கியில் தற்காலிகமாக விட்டு விட்டு வேலை பார்த்தவர் சுந்தரமணி. அவருக்குக் கொடுத்த கடைசி உத்தரவு ஒன்பது நாள் வேலைக்கு. ஒன்பது நாள் முடிந்தது, வேலையும் முடிந்தது, நாங்கள் யாரையும் நீக்கவில்லை என்றது வங்கி. 1976-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விட்டு விட்டுப் பார்த்த நாட்களைக் கூட்டினால் 240 வருகிறது. எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும் அது ஆட்குறைப்புதான். இழப்பீடு தராமல் நிறுத்தியது செல்லாது என்றது. தீர்ப்பு எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். நாடு முழுவதும் தற்காலிகத் தொழிலாளர்களுக்கு அந்தத் தீர்ப்பு கைத்தடியாக இருந்தது. 1984-இல் சட்டத்தையே திருத்தினார்கள். ஒப்பந்தத்தில் குறித்த காலம் முடிந்து வேலை நின்றால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று ஒரு வரி சேர்ந்தது. அன்று முதல் தேதி போட்ட ஒப்பந்தத் தாள்கள் பெருகின. இன்று துப்புரவுப் பணி, ஆஸ்பத்திரி வேலை, காவலாளி வேலை என்று நம் மக்கள் அதிகம் இருக்கும் இடங்களில் எல்லாம் அந்தத் தாள் இருக்கிறது.

பதிவேடு யார் கையில்?

240 நாள் வேலை செய்ததை யார் நிரூபிக்க வேண்டும்? தொழிலாளிதான் என்று 2002-இல் ஹதிமணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘நான் வேலை பார்த்தேன்’ என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. இங்கேதான் நம் மக்களின் வழக்குகள் சாய்கின்றன. வருகைப் பதிவேடு முதலாளியின் மேஜைக்குள் இருக்கிறது. நம்மிடம் இருப்பது கையில் உள்ள காய்ப்பு மட்டும்.

ஏன் நம்மிடம் தாள் இல்லை? நிலம் இல்லாதவர்கள் வேலைக்குப் போன வழி வேறு. விண்ணப்பம் போட்டு, நேர்காணல் முடித்து யாரும் போகவில்லை. கங்காணியோ மேஸ்திரியோ கூப்பிட்டார், போனோம். அம்மா போன இடத்துக்கு மகள் போனாள். சில நேரம் அம்மாவின் பெயரிலேயே போனாள். வேலையோடு லைன் வீடும் வந்தது. தோட்டத் தொழிலாளிக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது நல்ல சட்டம்தான். ஆனால் ஊரில் ஒரு சென்ட் நிலம் இல்லாதவருக்கு அந்த வீடே கழுத்துக் கயிறாகவும் ஆனது. வேலை போன அன்றே வீடும் போகிறது. இழப்பீட்டுக்காக ஐந்து ஆண்டு வழக்காட அவருக்கு ஒரு திண்ணை கூட இருக்காது. சொந்த வீடும் இரண்டு ஏக்கர் தோப்பும் உள்ளவர் ‘கோர்ட்டில் பார்த்துக்கொள்வோம்’ என்று சொல்லலாம். நம்மால் சொல்ல முடிவதில்லை. ஒரே சட்டம் சாதிக்கு ஒரு விதமாக வேலை செய்வது இப்படித்தான். கீரிப்பாறை, மணலோடை, சிற்றார், கோதையாறு பக்கம் அரசு ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட, இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

ஆனாலும் நீதிமன்றக் கதவு முழுக்கச் சாத்தப்பட்டுவிடவில்லை. 2005-இல் எல்லட்டி வழக்கில், நாள்கூலிக்காரர்களுக்குப் பணி ஆணையோ சம்பளச் சீட்டோ தரப்படுவதில்லை என்பதை உச்ச நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. தொழிலாளி கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டும்; மஸ்டர் ரோலையும் வருகைப் பதிவேட்டையும் கொண்டுவரும்படி நிர்வாகத்துக்கு உத்தரவிடக் கேட்க வேண்டும் என்றது. கேட்டும் கொண்டுவராவிட்டால், வழக்கின் தன்மையைப் பொறுத்து, அது நிர்வாகத்துக்கு எதிராகப் போகலாம். ஆகவே பதிவேட்டைக் கேட்டு மனுப் போடாத வழக்கு பாதி தோற்ற வழக்கு.

வென்றாலும் கிடைப்பது என்ன என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இழப்பீடு தராமல் நிறுத்தினால் மறுபடி வேலை, விடுபட்ட சம்பளம் என்பது ஒரு காலத்தில் வழக்கமான தீர்ப்பு. 2009-இல் ஜக்பீர் சிங் வழக்கில், 240 நாளுக்கு மேல் பார்த்த ஒரு நாள்கூலித் தொழிலாளிக்கு வேலைக்குப் பதிலாக 50,000 ரூபாய் கொடுத்தால் போதும் என்றது உச்ச நீதிமன்றம். அதன் பிறகு நாள்கூலிக்காரர் வழக்குகள் பல அந்த வழியிலேயே போயின. காற்று எப்போதும் ஒரே பக்கம் அடிப்பதில்லை. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் நீண்ட காலம் துப்புரவு வேலையும் தோட்ட வேலையும் பார்த்து, திடீரென்று நிறுத்தப்பட்டவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தற்காலிகம் என்று பெயர் வைத்து ஆண்டுக் கணக்கில் நிரந்தர வேலை வாங்குவதை அது கடிந்துகொண்டது. 2025 ஆகஸ்டில் சென்னை ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் பணி தனியாருக்குப் போனபோது ரிப்பன் மாளிகை முன்பு அமர்ந்த தூய்மைப் பணியாளர்கள் கேட்டதும் இதே கேள்விதான். இத்தனை ஆண்டு பார்த்த வேலைக்கு என்ன கணக்கு?

சட்டம் வந்த வழி, போகிற வழி

இந்தச் சட்டங்கள் யாரோ இரக்கப்பட்டுப் போட்ட பிச்சை அல்ல. வேலைநிறுத்த உரிமையை முடக்க வந்த பம்பாய் மாகாணத் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து 1938 நவம்பர் 7 அன்று அண்ணல் அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து வேலைநிறுத்தம் நடத்தினார்கள். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர் அம்பேத்கர். 1947-இல் தொழில் தகராறுகள் சட்டம் வந்தபோது அந்தத் துறையை நடத்தியவர் ஜெகஜீவன்ராம். முதலில் அந்தச் சட்டத்தில் ஆட்குறைப்பு இழப்பீடு இல்லை. வி.வி. கிரி அமைச்சராக இருந்த 1953-இல்தான் அந்த அத்தியாயம் சேர்ந்தது. பெரிய ஆலைகள் அரசைக் கேட்காமல் ஆட்குறைப்பு செய்யக் கூடாது என்ற விதியை எதிர்த்து முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனபோது, 1992-இல் மதுரை மீனாட்சி மில் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அந்த விதியைக் காப்பாற்றிக் கொடுத்தது.

இப்போது அதே விதி சுருங்கியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. 15 நாள் இழப்பீடு தொடர்கிறது. ஆனால் அரசிடம் அனுமதி கேட்க வேண்டிய எல்லை 100 பேரிலிருந்து 300 பேராக உயர்ந்துவிட்டது. 150 பெண்கள் வேலை பார்க்கும் ஒரு முந்திரி ஆலையை மூட இனி யார் அனுமதியும் வேண்டாம். ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்குக் கூடுதலாக 15 நாள் சம்பளம், மறுபயிற்சி நிதியிலிருந்து 45 நாளுக்குள் அவர் கணக்கில் சேர வேண்டும் என்பது புதிய ஏற்பாடு. ஆனால் நீக்கத்தை எதிர்த்து நேரடியாக வழக்குப் போடும் காலக்கெடு மூன்று ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைந்திருக்கிறது. ‘பிறகு பார்ப்போம்’ என்று பழகியவர்களுக்கு இதுதான் பெரிய அடி.

என்ன செய்யலாம்?

வேலையில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை சில. சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, இ.எஸ்.ஐ. அட்டை, போனஸ் துண்டு, கூலி வரவான வங்கிப் புத்தகம் எதையும் தூக்கிப் போடக் கூடாது. ஒவ்வொன்றும் 240 நாளுக்குச் சாட்சி. கிலோ கணக்கில் வேலை பார்ப்பவர்கள் தேதியும் எடையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். கூட வேலை பார்த்தவர்களின் பெயர்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு அவர்களே சாட்சி.

தாள் நீட்டப்படும் நாளில், அதே இடத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. ‘வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்’ என்று ஒரு நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். அதில் ‘ராஜினாமா’, ‘விருப்ப ஓய்வு’, ‘ஒப்பந்தக் காலம்’, ‘பருவம்’, ‘இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வெற்றுத் தாளில் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கக் கூடாது. பணத்துக்கு ரசீது கேட்டால், ‘என் மற்ற உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் இந்தத் தொகையைப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று கையாலே ஒரு வரி எழுதிக் கையெழுத்திடலாம்.

வேலை போன பிறகு முதலில் போக வேண்டிய இடம் நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகம். சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்க வேண்டும். 45 நாளில் தீரவில்லை என்றால் வழக்குக்கு நேரடியாகப் போகலாம். சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவரும் போகலாம். பணிக்கொடைக்குத் தனி மனு. அதையும் தொழிலாளர் துறையே விசாரிக்கிறது. வழக்கு திருநெல்வேலியில் நடக்கும். வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி போகும் என்பது உண்மைதான். நாலைந்து பேர் சேர்ந்து போட்டால் செலவு பங்காகும், மனமும் தளராது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், பெண்களுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அண்டி ஆபீசில் வேலை பார்த்த ஒரு தலித் பெண்ணுக்கு அந்த உரிமை மூன்று வழியில் வருகிறது. தக்கலையில் பத்மநாபபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

இந்தப் பத்தியைப் படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவோ அப்பாவோ பால்வெட்டுக்கோ, அண்டி ஆபீசுக்கோ, செங்கல் சூளைக்கோ, துப்புரவு வேலைக்கோ போகிறவராக இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். எந்த ஆண்டு சேர்ந்தார், யார் சேர்த்துவிட்டார், பதிவேட்டில் என்ன பெயர், பி.எஃப். எண் உண்டா என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பி.எஃப். எண் இருந்தால் செல்பேசியில் கணக்கைத் திறந்து, எந்த மாதம் முதல் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நடுவில் மாதங்கள் விடுபட்டிருந்தால் அதையும் குறித்துவையுங்கள். வேலை போன பிறகு இவற்றைத் தேடுவது சிரமம். இப்போது அம்மா இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். கேட்டு வாங்க முடியும்.